படிப்பு ஏறாத பிள்ளை

மக்ரிபுத் தொழுகை முடிந்து, மக்தபின் கதவைப் பூட்டும் வேளை. அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கூடமொன்றில் கூலிக்கு நெய்யும் சகோதரர் ஒருவர், பன்னிரண்டு வயது மகனுடன் நம்மிடம் வந்தார். "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஹஜ்ரத். பள்ளிக்கூடத்திலும் அடி, இங்கும் அடி. தறிக்கே கூட்டிப் போய்விடலாமா என்று பார்க்கிறேன். அங்கே தார் சுற்றுகிறான், இழை அறுந்தால் எனக்கு முன்னே கண்டு முடிச்சுப் போடுகிறான்" என்றார்.

'இங்கும் அடி' என்ற சொல் நம்மைச் சுட்டது. அடித்தது நம் கைதான். பாடம் ஒப்பிக்கையில் திணறினான் என்பதற்காக, முந்திய வாரம் அவன் உள்ளங்கையில் நம் பிரம்பு விழுந்திருந்தது. இழை அறுந்ததை நொடியில் காணும் கண்ணுக்கு எழுத்து ஏன் தெரியாமற் போயிற்று? குறை கண்ணிலா, காட்டியவரிலா? அன்றிரவு இவ்வினா நம்மை உறங்கவிடவில்லை.

கரிசலில் பருத்தி விதைக்கும் நம் விவசாயி, செவலில் கடலை போடுகிறான். விளையாவிட்டால் மண்ணை அவன் அடிப்பதில்லை. விதையையும் பருவத்தையும் எண்ணிப் பார்க்கிறான். மண்ணுக்குக் காட்டும் இப்பொறுமையை நாம் பிள்ளைக்குக் காட்டினோமா?

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடவேண்டும் என்றார்கள். ஓயாமல் படிக்கச் சொன்னால் அதன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும், தப்பும் வழியையே தேடும் என எச்சரித்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன், கடுமைக்கு அஞ்சி வளரும் மாணவன் சோம்பலையும் பொய்யையும் கற்றுக்கொள்வான் என்று எழுதினார். பத்தாண்டுகள் பணிவிடை செய்த தம்மை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தடவையேனும் சலித்துக் கடிந்ததில்லை என அனஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். இவற்றையெல்லாம் ஓதிக் கொடுத்த கையிலேயே பிரம்பும் இருந்தது. நம் வெட்கம் அதுதான்.

ஆகவே, நடப்பிலுள்ள கல்வி முறையைக் கேள்வி கேட்கும் உரிமை அந்தத் தந்தைக்கு உண்டு. ஆனால் அவர் கண்ட விடை சரியா?

கைத்தொழிலையும் கல்வியையும் இணைக்க நம் நாட்டில் இரு முயற்சிகள் நடந்தன. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் விளைவாக, டாக்டர் ஜாகிர் ஹுசைன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழியில், கைத்தொழிலை நடுவாக வைத்து அளிக்கப்பட வேண்டும் என்று அக்குழு வரைந்தது. நூல் நூற்பவன் அதன் வழியே கணக்கையும், பருத்தி விளையும் மண்ணையும் கற்பான். எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் இதுவே கல்வி.

மற்றொன்று, 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொணர்ந்த திட்டம். கிராமப் பிள்ளைகளுக்குப் பாதிப் பொழுது பள்ளி. மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயர்பெற்ற இது பெரும் எதிர்ப்பைக் கண்டு, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. நம் அண்டை ஊராகிய விருதுநகரில் பிறந்து, சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் துணிக்கடையில் நின்றவர் அவர். மூடிய கதவின் வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டிலும் தொழில் உண்டு. முன்னது தொழிலைப் பள்ளிக்குள் அழைத்து வந்தது. பின்னதோ பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. முன்னதில் தறி ஒரு பாடநூல். பின்னதில் அதுவே தலையெழுத்து. எந்த மாற்றுக் கல்வியையும் உரைத்துப் பார்க்க இந்த ஒரு கல் போதும் என்பது நம் கருத்து. பிள்ளைக்கு முன் எத்தனை கதவுகளை அது திறந்து வைக்கிறது?

மாற்றுக் கல்வி என்றால் பெருநகரத்தில் பெருங்கட்டணம் வாங்கும் பள்ளி என்று சிலர் எண்ணுகின்றனர். திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமியில், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எட்டுமா? ஏழைக்கு எட்டாத மாற்றம் மாற்றமாகாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் தரையில் குழுவாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்றனர். அதில் குறைகள் இருந்திருக்கலாம். எனினும் அரசுப் பள்ளியிலேயே முறையை மாற்ற இயலும் என்பதற்கு அது சான்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கி, பள்ளிகளில் உடல் தண்டனையையும் தடைசெய்தது.

மறுநாள் அந்தத் தந்தையிடம், "மன்னியுங்கள், அத்தா. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். தறியில் அவன் கற்றதை இங்கே எடுத்து வரட்டும்" என்றோம். தாரையும் நூலையும் கொண்டுவரச் சொல்லி, ஒரு சாண் அகலத்துக்கு எத்தனை இழை, ஒரு முழத்துக்கு எத்தனை என்று அவனையே மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொன்னோம். வாய் திறவாதவன் பேசினான். ஓதுவதில் இன்னும் மெதுவாகத்தான் வருகிறான். ஆனால் ஓடி ஒளிவதில்லை.

பிரம்பை எடுத்து வைத்துவிட்டோம். முப்பதாண்டுப் பழக்கம், கோபம் வருகையில் கை இன்னும் அதைத் தேடுகிறது. பிள்ளைகள் கற்பதற்கு முன், கற்பிப்போராகிய நாம் கற்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அல்லாஹ் நமக்கு அந்தப் பொறுமையை அருள்வானாக!