அந்த உத்தரவு யாருடையது?

ஓம் சரவணபவ.



"அண்ணா, எனக்கு ஒரு குரு வேணும். எங்க போய்த் தேடறது?" தைப்பூசம், கந்தசஷ்டி முடிஞ்சாலே இந்தக் கேள்வி நம்ம குரூப்ல வந்துடும். விரதம் இருந்து, பாதயாத்திரை போய், மனசு கொஞ்சம் கனிஞ்ச நேரம். அடுத்து என்னன்னு கேட்கத் தோணும். நல்ல கேள்விதான். ஆனா அதே நேரத்துல இன்னொரு விதமான ஆட்களும் நம்மைத் தேடி வர்றாங்க. "உங்களுக்கு முருகன் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார்"னு வாய்ஸ் மெசேஜ், ரீல்ஸ், பரிகாரத்துக்கு ஜிபே நம்பர். குரு வேணும்னு ஏங்கற மனசும், குருவா இருக்கணும்னு ஏங்கற ஆளும் ஒரே போன்ல சந்திச்சுக்கறாங்க. அதனாலதான் இதை எழுதறேன்.

இந்த விஷயத்துல எனக்கு வெளிச்சம் காட்டினது பாம்பன் சுவாமிகள் வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவம். சண்முக கவசம் சொல்றவங்க எல்லாருக்கும் அவர் பேர் தெரியும். 1891-ல் அவர் பாடினது அது. அவர் முருகன் பக்கம் வந்த கதைக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சின்ன வயசுல அவரை இழுத்தது கந்த சஷ்டி கவசம். அந்தக் கவசம் அரங்கேறினது பெருந்துறைக்குத் தெற்கே இருக்கற நம்ம சென்னிமலையிலன்னு ஒரு மரபு இருக்கு. நாம சாதாரணமா ஏறி இறங்கற மலை.

அவருக்குப் பாடணும்னு ஆசை வந்தப்ப, மனசுக்குள்ள குருவா வச்சுக்கிட்டது அருணகிரிநாதரை. அவருக்குச் சுமார் 400 வருஷத்துக்கு முந்தி வாழ்ந்தவர்! தினமும் சாப்பிடறதுக்கு முன்னால ஒரு பாட்டு எழுதறதுன்னு வச்சுக்கிட்டு, பாட்டு ஒவ்வொண்ணையும் அருணகிரியார் பேர் வர்ற மாதிரி முடிச்சார். இப்படி நூறு பாட்டு சேர்ந்துச்சு. அப்புறம்தான் ராமேஸ்வரத்துல சேதுமாதவ ஐயர்ங்கற பெரியவர் ஒரு விஜயதசமி அன்னிக்கு அவருக்குச் சடக்ஷர மந்திரம் உபதேசம் பண்ணினார். பாம்பன் சுவாமிகள் குருவைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சதா வரலாறு சொல்லலை.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி. நான் சொல்ல வந்தது இதுக்கு அப்புறம் நடந்தது.

கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் இருந்த காலம். துறவு மேல அவருக்குத் தீராத ஆசை. பழனிக்குப் போய்ச் சந்நியாசம் வாங்கிக்கணும்னு முடிவு பண்றார். நண்பர் அங்கமுத்துப் பிள்ளைகிட்ட அதைச் சொல்றார். நண்பர் கேட்டது ஒரே கேள்வி: இது முருகன் உத்தரவா? இவர் ஆமான்னு சொல்லிட்டார். உத்தரவு எதுவும் வரலை. ஆசைதான் வந்திருந்துச்சு.

அன்னிக்கே முருகன் அவர் முன்னால கோபமாத் தோன்றி, பொய் சொன்னதுக்குக் கண்டிச்சு, நான் கூப்பிடற வரைக்கும் பழனிக்கு வரக்கூடாதுன்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் 1929 மே மாசம் திருவான்மியூர்ல சமாதி ஆகற வரைக்கும் அவர் பழனிக்குப் போகவே இல்லை. ஆறாயிரத்துக்கும் மேல பாட்டு முருகன் மேல பாடினவர், பழனி மலையை மிதிக்காமலே போயிட்டார்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. அவர் சொன்ன பொய் எவ்வளவு சின்னது? அதுல காசு இல்லை, யாரையும் ஏமாத்தற நோக்கம் இல்லை. ஆசைப்பட்டதும் துறவுக்கு, போக நினைச்சதும் முருகன்கிட்டயே. நாமளா இருந்தா "நல்ல காரியத்துக்குத்தானே"ன்னு விட்டிருப்போம். முருகன் விடலை. ஏன்? தன் ஆசைக்கு முருகன் குரலைக் கடன் வாங்கினதுதான் அங்க தப்புன்னு நான் புரிஞ்சுக்கறேன். போலிச் சாமியார் மட்டும்தான் இதைச் செய்வான்னு நினைக்காதீங்க. உண்மையான பக்தி உள்ள ஆளுக்கும் இது நடக்கும். ஆசை எப்ப முடியுது, அருள்வாக்கு எப்ப ஆரம்பிக்குதுன்னு உள்ளே இருக்கற ஆளுக்கே பல நேரம் தெரியாது.

இன்னொண்ணு. வயசான காலத்துல அவரைச் சுத்தி எத்தனையோ சீடர்கள். "முருகன் கூப்பிட்டுட்டார், பழனிக்குக் கிளம்புங்க"ன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேள்வி கேட்க யாருமே இல்லை. ஊரே மேளதாளத்தோட கூட்டிட்டுப் போயிருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லலை. ஒரு குருவை நம்பலாமான்னு என்கிட்ட யாராச்சும் கேட்டா, நான் முதல்ல பார்க்கறது இதைத்தான்: "எனக்கு உத்தரவு வரலை, எனக்குத் தெரியாது"ன்னு சொல்ல அவருக்கு வாய் வருதா?

உடனே ஒரு பதில் வரும்னு தெரியும். "குருவைச் சோதிக்கறது பாவம் இல்லையா அண்ணா?"

நம்ம கொங்கு நாட்டுல அப்படி இல்லைங்க. காங்கேயம் பக்கத்துல சிவன்மலை தெரியும்தானே. அங்க ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கு. யாராவது ஒரு பக்தர் கனவுல முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அதை அந்தக் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூஜை பண்ணணும். மண், தண்ணி, அரிசின்னு என்னென்னவோ அதுல இருந்திருக்கு. அடுத்த பக்தருக்குக் கனவு வர்ற வரைக்கும் அதே பொருள்தான் பெட்டியில இருக்கும். எந்தப் பொருள் வந்துச்சு, அதனால என்ன நடக்கும்னு நாம எல்லாரும் பேசுவோம். ஆனா கனவு வந்துச்சுன்னு சொன்னவுடனே தூக்கிப் பெட்டியில வச்சுட மாட்டாங்க. சாமி முன்னால பூப் போட்டுக் கேட்பாங்க. வெள்ளைப் பூ வந்தாத்தான் உத்தரவு. கனவு கண்டவர் அதை அவமானமா எடுத்துக்கறதில்லை. "என் கனவையே சந்தேகப்படறியா?"ன்னு அவர் கோவிச்சுக்கிட்டா, பக்கத்துல இருக்கறவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடும். முருகன் பேரைச் சொல்ற வார்த்தையை முருகன் முன்னாலயே வச்சுச் சரிபார்க்கறதுதான் நம்ம பழக்கம்.

கந்தபுராணத்துல பிரம்மாவைச் சிறை வச்சதும் எதுக்கு? படைப்புத் தொழிலே அவர் கையில. ஆனா பிரணவத்துக்குப் பொருள் கேட்டா சொல்லத் தெரியலை. பதவி பெருசுங்கறதால முருகன் கேள்வி கேட்காம விட்டாரா?

நம்ம பக்கத்துத் தம்பி ஒருத்தன், சிப்காட்ல வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுச் செலவு இவன் சம்பளத்துல ஓடுது. ஆன்லைன்ல பழக்கமான ஒருத்தர், வேலையை விட்டுட்டு என்கூட வந்து சேவை பண்ணு, இது முருகன் உத்தரவுன்னு சொல்லியிருக்கார். தம்பி ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணினான். குரல்ல நடுக்கம். போகலைன்னா சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயம். நான் அவனுக்குப் பாம்பன் சுவாமிகள் கதையைத்தான் சொன்னேன். அப்புறம், அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு, நாம ரெண்டு பேரும் கோயிலுக்குப் போய்ப் பூப் போட்டுக் கேட்டுக்கலாமான்னு கேளுன்னு சொன்னேன். கேட்டிருக்கான். "நம்பிக்கை இல்லாதவனுக்கு நான் வழி காட்ட முடியாது"ன்னு பதில் வந்துச்சாம். அவர் கெட்டவரான்னு எனக்குத் தெரியாது. பூவுக்குப் பயப்படற உத்தரவை நம்பி ஒரு வீட்டுச் சம்பளத்தை நிறுத்தச் சொல்றது நியாயமாப் படலை, அவ்வளவுதான்.

அப்போ குருவே வேண்டாம், முருகனே போதும்னு சொல்றேனா? அதுவும் இல்லை. அருணகிரியாரையே குருவா வரிச்ச பாம்பன் சுவாமிகளும், சேதுமாதவ ஐயர் உபதேசம் பண்றேன்னு வந்தப்ப எனக்கு எதுக்குன்னு சொல்லலை. உயிரோட ஒருத்தர் பக்கத்துல இருந்து சொல்லித் தர்றதுல ஒரு பலன் இருக்கு. புத்தகம் நம்ம முகத்தைப் பார்த்துப் பேசாது. யூடியூபும் பேசாது.

ஆனா அந்த ஒருத்தர் ஜடாமுடியோட, ஒரு லட்சம் ஃபாலோயரோட வருவார்னு எதிர்பார்க்க வேண்டாம். எங்க பாதயாத்திரைக் குழுவுல ஒரு பெரியவர் இருக்கார். பல வருஷமா தாராபுரம் வழியா நடக்கறவர். போன தடவை ஒரு புதுப் பையன் அவர்கிட்ட ஆர்வமா, "ஐயா, உங்களுக்குச் சாமி காட்சி குடுத்திருக்காருங்களா?"ன்னு கேட்டான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. காலை நீட்டு, கொப்புளம் வந்திருக்குதான்னு பாக்கலாம்"னார். பார்த்து, துணியைச் சுத்தி விட்டு, அன்னிக்கு இனிமே நடக்க வேண்டாம்னு வண்டியில ஏத்தி அனுப்பினார். பையனுக்கு வருத்தம், நேர்ச்சை போச்சேன்னு. "நாளைக்குக் காலையில நடந்துக்கலாம் சாமி, அவன் மலையில இருந்து எங்கயும் போயிட மாட்டான்"னார் பெரியவர். மந்திரம் எதுவும் உபதேசிக்கலை. அந்தப் பையன் இப்போ எந்தச் சந்தேகம்னாலும் அவர்கிட்டதான் போறான்.

(நம்ம ஊர் பேரைச் சொன்னா வெளியூர்க்காரங்க சிலர், மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில குருவைப் பார்த்த ஊரான்னு கேட்பாங்க. அது புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயில், திருப்பெருந்துறை. இங்க இல்லை. ஆனா ஒண்ணு, அவரும் குருவைத் தேடிப் போகலை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போனவர்.)

குரு இன்னும் வரலைன்னு தவிக்கிற தம்பி தங்கைகளுக்கு: வர்ற வரைக்கும் தினமும் ஒரு வேலையைப் பிடிச்சுக்கோங்க. சாப்பிடறதுக்கு முன்னால கவசம் ஒரு தடவை. முடிஞ்சா செவ்வாய்க்கிழமை சென்னிமலைப் படி. யாராச்சும் "முருகன் சொன்னார்"னு ஆரம்பிச்சா பயப்படாதீங்க, அவசரப்பட்டுக் காசும் அனுப்பாதீங்க. ஒரு நாள் டைம் கேளுங்க, வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லுங்க. குழப்பமா இருந்தா குரூப்ல போடுங்க, சேர்ந்து பேசலாம்.

வேலும் மயிலும் துணை.