"அடிக்கிற மாதிரி நடி" என்று சொல்லலாமா?



போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். பிளஸ் ஒன் படிக்கிறார். ஸ்கூல் பேண்டுல சைடு டிரம் வரிசைக்கு அவர்தான் லீடர். ஆகஸ்ட் 15 மார்ச் பாஸ்ட்டுக்குப் பயிற்சி நடந்துக்கிட்டு இருக்கு. அவர் வரிசையில ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தனுக்கு மட்டும் தாளம் நிக்க மாட்டேங்குது. ரோல் வந்தாலே ஓடிடுறான், இல்லைன்னா பின்தங்கிடுறான். பொறுமை போன பி.டி. சார், "அன்னைக்கு அவனைக் குச்சியைத் தோலுக்கு மேலேயே ஆட்டச் சொல்லு, படாம பார்த்துக்க, யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்லிவிட்டாராம். தம்பி கேட்கிறார்: "அண்ணா, இதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது? சொல்றது சரியா? சொல்லலைன்னா மத்தவங்க உழைப்பெல்லாம் வீணாகுமே?"

இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனா யோசிக்க யோசிக்க இது டிரம் அடிக்காத நமக்கும் சேர்த்துக் கேட்ட கேள்வியாகத் தெரிந்தது. அதனால கொஞ்சம் நீளமாகவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல, பேண்டுல இல்லாதவங்களுக்காக ஒரு விளக்கம். என்.சி.சி.யில் 'தேஜ் சல்' என்றால் நிமிடத்துக்கு 120 காலடி. ஸ்கூல் மார்ச் பாஸ்ட்டும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். அதாவது அரை நொடிக்கு ஒரு காலடி, ஒரு நொடிக்கு ஒரு இடது கால். அந்த இடது கால் தரையில் விழுகிற நேரத்தில்தான் பேஸ் டிரம் 'டம்' என்று விழணும். சைடு டிரம் அந்த 'டம்'முக்கு நடுவுல இருக்கிற இடத்தை நிரப்புது. பின்னாடி வர்ற நானூறு பிள்ளைகளின் கால் இந்தச் சத்தத்தை நம்பித்தான் நடக்குது. சைடு டிரம்மில் ஒருத்தன் முந்தினால் பக்கத்தில் இருப்பவன் குழம்புவான், அவனைக் கேட்டு அடுத்தவன் குழம்புவான். பத்து நொடியில் மொத்த வரிசையும் கால் மாத்திப் போடும். அதனால பி.டி. சார் கவலைப்படுறது நியாயம்தான். ஹெச்.எம். கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரை வில்லன் ஆக்கிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டாம்.

இங்கே நம்ம காவடிக்கும் மார்ச் பாஸ்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. காவடிக்கு முன்னால போற பம்பைக்காரரைக் கவனிச்சுப் பாருங்க. அவர் கண் ஆடுறவர் காலில்தான் இருக்கும். காவடி எடுத்தவர் தளர்ந்தால் மேளமும் தளரும், அவர் வேகம் பிடித்தால் மேளமும் பிடிக்கும். மேளம் காலுக்காகக் காத்திருக்கும். அணிவகுப்பில் இது தலைகீழ். அங்கே கால்தான் மேளத்துக்குக் கட்டுப்படும். மேளம் யாருக்காகவும் நிற்க முடியாது. அப்போ, தடுமாறுகிற ஒருத்தனுக்காக யார் நிற்கிறது, எப்போ நிற்கிறது?

அன்னைக்கு, மைதானத்தில், நிற்க முடியாது. அதனால்தான் அதற்கு முன்னால நிற்கணும்.

தம்பிக்கு என் முதல் கேள்வி: அந்தப் பையன் ஏன் தப்பு விடுறான்னு யாராவது பார்த்தீங்களா? "அவனுக்குத் தாளம் வராது" என்பது காரணமே இல்லை, அது ஒரு முத்திரை. குத்திவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டாங்க.

காரணம் பல இருக்கலாம். தோளில் மாட்டித் தொங்கவிடுகிற சைடு டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். அதனால் வலது குச்சியை மேலிருந்து சாதாரணமாகப் பிடிக்கிறோம். இடது குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடுக்கில் வைக்கிறோம். இது யாருக்கும் இயல்பாக வராது, பழகித்தான் வரணும். பல பேருக்கு இடது கை அடி வலது கை அடியைவிட மெலிந்து, ஒரு இமை நேரம் தாமதமாக விழும். மெதுவா அடிக்கும்போது தெரியாது. ரோல் வந்தால் அம்பலமாகிடும். இந்தப் பையனும் ரோலில்தான் தப்புகிறான் என்றால், சந்தேகப்பட வேண்டியது அவன் இடது கையை.

இன்னொன்று, நிறைய பேர் யோசிக்காதது. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். உங்க ஸ்கூல் கட்டடம் மைதானத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க. பேஸ் டிரம் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வர 0.2 நொடி ஆகும். ரெண்டு காலடிக்கு நடுவில் இருக்கிறதே 0.5 நொடிதான். வரிசையில் கட்டடத்துப் பக்கமாக நிற்கிற பையன் நிஜ அடியைக் கேட்கிறானா, எதிரொலியைக் கேட்கிறானா? எதிரொலியைக் கேட்டு அடித்தால் அவன் பின்தங்கித்தான் தீருவான். அவனிடம் தப்பே இல்லாமல் கூட இருக்கலாம், நின்ற இடம் தப்பாக இருக்கலாம். பேஸ் டிரம்முக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தி ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். இதுக்குச் செலவு ஒன்றும் இல்லை.

பயம் இன்னொரு காரணம். பயந்தவன் கை ஓடும். நாலு தடவை எல்லார் முன்னாலயும் திட்டு வாங்கியவன் ஐந்தாவது தடவை அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே இறுகிப் போயிருப்பான்.

சரி, எல்லாம் பார்த்தாச்சு, அவனுக்கு இன்னும் வரலை, நாளும் நெருங்கிடுச்சு. அப்போ "அடிக்கிற மாதிரி நடி" என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. யாருக்கும் நஷ்டம் இல்லை. பையனுக்கு யூனிஃபார்ம் போட்டு நடக்கிற சந்தோஷம், அவன் அம்மாவுக்குப் பார்க்கிற சந்தோஷம், பேண்டுக்கு நல்ல பேர். வெளியே நிறுத்தி அவமானப்படுத்துவதைவிட இது கருணைதானே?

எனக்கு அப்படித் தோணலை. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவங்க அம்மா, "நல்லா அடிச்சேடா" என்று சொல்வாங்க. அவன் என்ன பதில் சொல்லுவான்? 'ஆமாம்மா' என்று சொன்னால் ஒரு பொய். 'நான் அடிக்கவே இல்லைம்மா' என்று சொன்னால் ரெண்டு பேருக்கும் அழுகை. நாம் ஊரிடம் சொன்ன பொய் சின்னதுதான். ஆனா அதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொன்னது ஒரு பதினாலு வயசுப் பையனை. வரிசையில் மத்தவங்களுக்கும் உண்மை தெரியும். அடுத்த நாளிலிருந்து அவன் அவங்க பார்வையில் பெல்ட்டும் தொப்பியும் மாட்டின ஒரு இடம் நிரப்பி. வெளியே நிறுத்தியிருந்தால்கூட, 'எனக்கு இன்னும் வரலை' என்ற உண்மையாவது அவனிடம் மிஞ்சியிருக்கும்.

அதே சமயம், எதிர்ப்பக்கத்து இரக்கமும் எனக்குப் பிடிக்கலை. "பாவம், சின்னப் பையன், அவன் பாட்டுக்கு அடிக்கட்டும், தப்பினா தப்பட்டும்" என்று விடுவது. கேட்க நல்லா இருக்கு. ரெண்டு மாசம் வெயிலில் நின்ற மற்றப் பிள்ளைகளை யார் பாவம் பார்ப்பது? அவனுக்கும் இது உதவி இல்லை. ஊர் முன்னால் தடுமாற விட்டுவிட்டு, நாம நல்ல பேர் வாங்கிக்கிறோம்.

இந்த ரெண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கு: அடியைக் குறைப்பது. அமெரிக்க ஹைஸ்கூல்களில் டிரம்லைன் என்று ஒரு தனி உலகமே உண்டு. ஃபுட்பால் மேட்சுக்கு நடுவுல அணிவகுத்து வாசிப்பாங்க. அங்கே பேஸ் டிரம்மே நாலு, ஐந்து அளவுகளில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். ஒரே சொற்கோவையை ஐந்து பேர் பிரித்து வாசிக்கணும், ஒருத்தன் விட்டால் நடுவில் ஓட்டை கேட்கும். இவ்வளவு கறாரான இடத்தில்கூட, ஒருத்தனுக்கு வராத பகுதியை எளிமையாக்கி எழுதிக் கொடுப்பது சர்வ சாதாரணம். ஆறு அடி இருந்த இடத்தில் இரண்டு அடி. ஆனா அந்த இரண்டும் நிஜமான அடி. டிரம் கார்ப்ஸ் என்று தேர்வு வைத்து ஆள் எடுக்கிற போட்டிக் குழுக்களும் அங்கே உண்டு, அங்கே வராதவனுக்கு இடம் கிடையாது, அது வேற கதை. பள்ளிக்கூடம் தேர்ந்தெடுக்கிற இடம் இல்லை, சொல்லிக் கொடுக்கிற இடம். பேண்டும் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் இருக்கு.

அதனால தம்பி, நீங்க செய்யக்கூடியது இது. முதல்ல சார்கிட்ட தனியா போங்க, எல்லார் முன்னாலயும் வேண்டாம். "சார், அவனுக்கு ரோல் வேண்டாம். இடது காலுக்கு ஒரு அடி மட்டும் கொடுத்துப் பார்க்கிறேன். ரிகர்சல்ல தப்பினா நீங்க சொல்றபடி செய்யலாம்" என்று கேளுங்க. மத்த டிரம்கள் ரோல் அடிக்கும்போது ஒருத்தன் முதல் அடி மட்டும் அடித்தால் கேட்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனா வரிசைக்கு அது இன்னும் உறுதி.

பிறகு அந்தப் பையனிடம் பேசுங்க. இதுதான் கஷ்டமான வேலை, இதைத் தள்ளிப் போடத்தான் நாம எல்லாரும் வழி தேடுறோம். மழுப்ப வேண்டாம். "டேய், ரோல் இன்னும் வரலை, உனக்கே தெரியும். இந்தத் தடவை இதை மட்டும் அடி, ஆனா இதை யாரும் குறை சொல்ல முடியாதபடி அடி" என்று நேராகச் சொல்லுங்க. கோபப்படுவான். படட்டும். முடிவில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுங்க. "எனக்கு இது வேண்டாம்ணா, நான் அடுத்த வருஷம் வர்றேன்" என்று அவன் சொன்னாலும் அது அவன் முடிவு.

சார் ஒரேயடியா ஒத்துக்கலைன்னா? அப்பவும் நடிக்கச் சொல்ற வேலையை நைசாகச் செய்யாதீங்க. சார் சொன்னதை அவனிடம் அப்படியே சொல்லி, நடக்கிறதா வேண்டாமா என்று அவனையே யோசிக்க விடுங்க. சத்தமில்லாமல் நடக்க அவனே தெரிந்து ஒத்துக்கொள்வது வேறு, நாம் அவனை ஏமாற்றிச் சம்மதிக்க வைப்பது வேறு.

பயிற்சிக்கு மெட்ரோனோம் வேண்டாம். ஒரு நொடிக்கு ஒரு இடது கால் என்று சொன்னேன் இல்லையா? நொடிக்கு ஒருமுறை 'டிக்' போடுகிற சுவர்க் கடிகாரம் போதும். டிரம் இல்லாமல், நின்ற இடத்தில் கால் மட்டும் போட்டு, வாயால் சொல்லச் சொல்லுங்க. மிருதங்கம் கத்துக்கிறவங்க சொற்கட்டை வாயில் சொல்லி, கையில் தாளம் போட்டுப் பழகுவாங்களே, அதே வழி. வாயில் தவறாமல் வந்த பிறகு தொடையில் கையால் தட்டட்டும், அப்புறம் குச்சி. இடது கைக்கு மட்டும் தினம் பத்து நிமிஷம் தனியா. கூட நீங்களும் உட்காருங்க. "போய் பிராக்டிஸ் பண்ணு" என்று அனுப்புவதும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவதும் ஒன்றில்லை.

நம்ம தலைமுறைக்குன்னு ஒன்று சொல்லியாகணும். யாரோ அவன் தப்பு விடுறதை வீடியோ எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டிருக்காங்க என்று தம்பி மெசேஜில் போகிற போக்கில் எழுதியிருந்தார். எனக்கு அந்த வரிதான் உறுத்துச்சு. மைதானத்தில் விட்ட தப்பு அரை நொடியில் போய்விடும். குரூப்பில் போட்டது அவன் ராத்திரி தூங்கும்போதும் ஓடும். லீடர் நீங்க, அதை எடுக்கச் சொல்லுங்க. போட்டவனிடமும் தனியாகவே சொல்லுங்க.

கடைசியா, இவ்வளவும் செஞ்சு, அன்னைக்கு அவன் தப்பிட்டான்னு வைங்க. நடக்கலாம். அப்போ பக்கத்தில் இருக்கிறவங்க தலையைத் திருப்பக் கூடாது, பேஸ் டிரம் தயங்கக் கூடாது. அவன் செய்ய வேண்டியது குச்சியைச் சட்டென்று நிறுத்துவது, நடையை நிறுத்தாமல் இருப்பது, முன்னால் நடப்பவரின் இடது காலைப் பார்ப்பது, அடுத்த 'டம்'மில் சேர்ந்துகொள்வது. மூன்று நொடி வேலை. ஆனா பதற்றத்தில் யாருக்கும் அது தானாக வராது. அதையும் இப்பவே ரிகர்சல்ல ரெண்டு மூணு தடவை பண்ணிப் பாருங்க. வேணும்னே விட்டு, வேணும்னே திரும்பச் சேர்ந்து. அவன் மட்டும் இல்லை, வரிசையில் இருக்கிற எல்லாரும், முதல்ல நீங்க.