காணாக்கடிக்கு யார் சாட்சி?

தோல் திடீரெனத் தடித்துச் சிவந்து அரிக்கும். கடித்தது எதுவென்று தெரியாது. அதைக் காணாக்கடி என்பார்கள். சித்த மருத்துவத்திலும் இந்தப் பெயர் புழங்குகிறது. வெற்றிலையில் மிளகு மடித்து மெல்லக் கொடுத்த கையோடு வீட்டில் விசாரணை தொடங்கிவிடும்: "என்ன தின்ன? எங்க போன? எதத் தொட்ட?" கடித்ததைத்தான் யாரும் காணவில்லை. கடிபட்டவள் கண்முன்னே நிற்கிறாள். ஆனாலும் கூண்டில் ஏற்றப்படுவது அவள்தான்.

ஆறு வாரங்களுக்கு மேலும் இந்தத் தடிப்பு வந்து வந்து போனால் மருத்துவம் அதை நாள்பட்ட அர்ட்டிகேரியா என்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். இதன் இயல்பே இதன் சிக்கல். ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சுவடில்லாமல் மறைந்துவிடும். வேறோர் இடத்தில் புதிதாக எழும்பும். இரவெல்லாம் தூங்கவிடாமல் சொறிய வைத்தது, மாலையில் டோக்கன் வாங்கி மருத்துவர்முன் உட்காரும்போது இருக்காது. "ஒண்ணும் இல்லையேம்மா. ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க." நோயாளி பெண்ணாக இருந்தால் இந்த இரண்டாவது வாக்கியம் சற்று விரைவாகவே வந்துவிடுகிறது.

ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வது எப்போது உண்மையாகிறது? அவள் சொல்லும்போதா, ஆய்வகத் தாள் சொல்லும்போதா?

பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியான தம் நூலில் அறிவு சார்ந்த அநீதி என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். சொல்பவர் யார் என்பதை வைத்து, சொன்னதன் மதிப்பைக் குறைத்துவிடுவது அதில் ஒரு வகை. அதைச் சாட்சிய அநீதி எனலாம். திருடுபோன நகையைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லும்போது மட்டும் இது நிகழ்வதில்லை. தன் தோலுக்குள் நடப்பதை, தன்னைத் தவிர வேறு யாராலும் உணர முடியாத ஒன்றை, ஒருத்தி சொல்லும்போதும் நிகழ்கிறது. ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. காரணம் புரியாத பெண் நோவுகளையெல்லாம் நெடுங்காலம் அந்தப் பெயரால் மூடி வைத்தார்கள். இன்று அந்தப் பெயர் போய்விட்டது. அது இருந்த நாற்காலியில் 'டென்ஷன்' உட்கார்ந்திருக்கிறது.

இந்த நிலையில்தான் இரத்தச் சோதனை வருகிறது. காணாக்கடியைக் கடித்தது யார் என்று தேடிய மருத்துவர்கள், கடைசியில் அது வெளியிலிருந்து வரவில்லை என்று கண்டார்கள். 1986இல் ஓர் எளிய சோதனை விவரிக்கப்பட்டது. நோயாளியின் இரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, தெளிந்த சீரத்தைப் பிரித்து, அதில் ஒரு துளியை அவருடைய முன்கைத் தோலுக்குள்ளேயே ஊசியால் செலுத்துவார்கள். பக்கத்தில் வெறும் உப்புநீரும் ஏற்றப்படும். அரை மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, உப்புநீர் போட்ட இடத்தைவிடச் சீரம் போட்ட இடம் குறைந்தது 1.5 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்திருந்தால், அவளைக் கடிப்பது அவள் இரத்தத்திலேயே இருக்கிறது என்று பொருள். 1993இல் அது என்னவென்றும் தெரிந்தது. சிலருடைய இரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதங்கள் தோலிலிருக்கும் மாஸ்ட் செல்களின் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு, அவற்றை ஹிஸ்டமினைக் கொட்டவைக்கின்றன. பேசோஃபில் செல்களை வைத்துச் செய்யும் ஆய்வகச் சோதனைகள் பிறகு வந்தன. தைராய்டுக்கு எதிரான டிபிஓ எதிர்ப்புரதம் மிகுந்தும் ஐஜிஇ அளவு குறைந்தும் இருந்தால், அதுவும் இந்தத் தன்னெதிர்ப்பு வகையை நோக்கிக் கைகாட்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு எட்டு மாதம் இந்தத் தடிப்பு இருந்தது. "வேலை செய்யற நேரம் வந்தா மட்டும் அரிக்குது" என்பது வீட்டின் தீர்ப்பு. சோதனை முடிவு வந்த அன்று, "அக்கா, பாசிட்டிவ் வந்துடுச்சு" என்று போனில் சொன்னாள். குரலில் இருந்தது மகிழ்ச்சி. தனக்கு நோய் இருப்பதாகத் தெரிந்து ஒருத்தி மகிழ்கிறாள் என்றால், அதுவரை அவளை வாட்டியது நோய் மட்டுமில்லை. அந்தத் தாள் அவள் அரிப்பைத் தீர்க்கவில்லை. பொய்க்காரி என்ற பெயரிலிருந்து அவளை விடுவித்தது.

அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த விடுதலையின் விலையைப் பார்க்க வேண்டும். தோல் சோதனைக்கு முன் சில நாட்கள் அரிப்பை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்த வேண்டும். அரிக்கிறது என்று நிரூபிக்க, அரிப்பைத் துணையில்லாமல் தாங்க வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக என்றால் அது நியாயம். மாமியாரையும் கணவரையும் நம்பவைப்பதற்காக என்றால் அது தீக்குளிப்பின் சாயலுடையது.

இன்னொரு விலையும் உண்டு. இந்த நோயுள்ள பலருக்குச் சோதனை நெகட்டிவாகவே வரும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். உண்மையைத் தாளில் மட்டும் குடியேற்றிவிட்டால், நெகட்டிவ் வந்த பெண் என்ன செய்வாள்? அவள் தோலும் அதே போலத்தான் எரிகிறது. ஒருத்தியைக் காப்பாற்றிய தாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கைவிட்டுவிடும்.

இதில் வியப்பு என்னவென்றால், மருத்துவ அறிவியல் இப்படிக் கேட்கவே இல்லை. நாள்பட்ட அர்ட்டிகேரியா என்ற முடிவுக்கு நோயாளி சொல்லும் கதையிலிருந்துதான் மருத்துவர் வருகிறார். எத்தனை நாளாக, ஒவ்வொரு தடிப்பும் எவ்வளவு நேரம், உதடோ கண்ணிமையோ வீங்கியதா, எதனால் கூடுகிறது என்று கேட்டறிகிறார். சர்வதேச வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கும் அடிப்படை இரத்தச் சோதனைகளும் மிகச் சிலவே. தன்னெதிர்ப்புச் சோதனைகள் அடுத்த கேள்விக்கானவை: இது எந்த வகை, ஓமாலிசுமாப் ஊசிக்கு விரைந்து கேட்குமா, தாமதமாகுமா, வேறு மருந்தை யோசிக்க வேண்டுமா? நோய் இருக்கிறதா என்பதற்கு அவள் வாய்ச்சொல்லே முதல் சான்று.

நோயின் கடுமையை அளக்கவும் அப்படித்தான். நாள்தோறும் தடிப்புகளின் எண்ணிக்கைக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3 என்று நோயாளியே குறிக்க வேண்டும். ஏழு நாள் கூட்டுத்தொகை 42 வரை போகலாம். இரவு அடுப்படியை ஒழித்துவிட்டு ஒரு நோட்டில் அவள் எழுதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். பெண்களின் நாட்குறிப்பை இலக்கியமாக ஏற்கவே தயங்கிய உலகில், அது அளவுகோலாகவும் இருக்கிறது.

"அப்படியானால் சொல்வதையெல்லாம் நம்பிவிட வேண்டுமா?" என்று வகுப்பில் கேட்பீர்கள். நம்புவதும் ஆராயாமல் விடுவதும் ஒன்றில்லை. நம்பிக் கேட்பவர்தான் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும். மன அழுத்தம் அரிப்பைக் கூட்டலாம் என்பதும் உண்மையே. ஆனால் அதைச் சொல்லி உரையாடலைத் தொடர்வது வேறு, முடிப்பது வேறு. முடித்துவிட்டால் அவள் வேறு வாசல் தேடிப் போவாள். நீண்ட ஒவ்வாமைப் பட்டியல் சோதனைகளை விற்பவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். இந்த நோய்க்கு உணவு ஒவ்வாமை காரணமாவது அரிது. ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்துக் கத்தரிக்காயை விடுகிறாள், முட்டையை விடுகிறாள், கருவாட்டை விடுகிறாள். கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுக்கப்படுகிறது. அரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இரத்தத்தைக் கேளுங்கள், அதற்குச் சொல்லத் தெரிந்தவை உண்டு. ஆனால் அவளுக்கு எதிராக அதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். விடுதியில், வீட்டில், ஆசிரியர் அறையில் ஒரு பெண் கையைச் சொறிந்தபடி வந்து நின்றால், கையில் தடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பு, "எத்தனை நாளா இருக்கு?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவரும் அங்கிருந்துதான் தொடங்குவார்.