தோலின் நோயும் நோக்கின் இம்சையும்

உடல் வேறு, உள்ளம் வேறு என்று பிரித்துப் பேசுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும், கருவில் உடல் உருவாகும் காலத்தில் மேல்தோலும் மூளையும் நரம்புகளும் ஒரே புறப்படலத்திலிருந்துதான் தோன்றுகின்றன. நாணத்தில் முகம் சிவப்பதும், அச்சத்தில் மயிர் சிலிர்ப்பதும், கலக்கத்தில் உள்ளங்கை வியர்ப்பதும் இவ்வுறவை நமக்கு நாள்தோறும் உணர்த்துகின்றன.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. மறதி நோயுற்ற உறவினரைப் பேணிவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய சுமையில்லாத 13 பெண்களுக்கும் முன்கையில் ஒரே அளவிலான சிறு புண் உண்டாக்கப்பட்டது. மனச்சுமை தாங்கியவர்களின் புண் ஆறுவதற்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 9 நாட்கள் கூடுதலாயின. உள்ளத்தின் வருத்தம் தோல்வரை சென்று சேர்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சொரியாசிஸ், கரப்பான் போன்ற நோய்கள் மனக்கவலை மிகும்போது பலருக்கு மிகுகின்றன. அரிப்பு உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கமின்மை கவலையை வளர்க்கிறது. கவலை மீண்டும் அரிப்பைத் தூண்டுகிறது. சக்கரம்போல் சுழலும் இத்துன்பத்தில் தொடக்கம் எது, முடிவு எது என்று காண்பதரிது.

இங்கே ஓர் அறவினா எழுகின்றது. மனம் தோலைத் தாக்குமெனில், நோயுற்றவரே தம் நோய்க்குப் பொறுப்பாளர் ஆவாரோ? "மனத்தை அடக்கத் தெரியாததால் வந்தது" என்று இன்று சிலர் கூறுகின்றனர். "முன்வினை" என்று கூறி ஒதுங்குவோர் என்றும் உளர். சொல் வேறாயினும் இரண்டும் செய்வது ஒன்றே: துன்புறுவோர் தலையில் பழியையும் ஏற்றிவைக்கின்றன. சொரியாசிஸுக்கு மரபுக்கூறும் நோய்த்தடுப்பாற்றலின் பிறழ்ச்சியும் அடிப்படையாகும். மனக்கவலை அதனை மிகுவிக்கும் காரணங்களுள் ஒன்று மட்டுமே. வினைக்கொள்கையோ, நம் செயலை நாமே ஆராய்ந்து திருந்துவதற்காக அருளப்பட்டது. அடுத்தவர்மேல் தீர்ப்புக் கூறுவதற்காக அன்று.

ஆகவே, இவ்வுறவை அறிந்த பின்னர் நாம் கேட்கவேண்டிய வினா வேறு. நோயாளியின் மனக்கவலை எங்கிருந்து வந்தது? பந்தியில் அருகில் அமரத் தயங்கியவர் எவர்? பெண் பார்க்க வந்து, கழுத்திலிருந்த ஒரு வெண்புள்ளியைக் கண்டு எழுந்து சென்றவர் எவர்? கைகூப்பியவாறே இரண்டடி பின்வாங்கியவர் எவர்? வெண்புள்ளியும் சொரியாசிஸும் ஒருவரிடமிருந்து மற்றவரைத் தொற்றுவன அல்ல. அங்ஙனமிருந்தும் நம் பார்வை அவர் உள்ளத்தைச் சுடுகிறது. அச்சூடு அவர் தோலுக்கும் இறங்கக்கூடும். கையால் செய்வது மட்டுமா இம்சை? கண்ணால் செய்வதும் இம்சையே.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதாக நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை, வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. அதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனைக் கூறுவர். அவனைச் சோதிக்க எண்ணிய தேவன் ஒருவன், குட்டநோயால் அழுகிய உடலுடைய முனிவர் வடிவில் வந்து, உணவேற்று, உண்டதை அங்கேயே உமிழ்ந்தான். சுற்றியிருந்தோர் நாற்றம் தாளாது அகன்றனர். மன்னனோ, தான் அளித்த உணவே ஒவ்வாது போயிற்றென்று தன்னையே நொந்து, முனிவர் உடலைத் தன் கையால் கழுவினான். பழியை நோயுற்றவர்மேல் ஏற்றாமல் தன்மேல் ஏற்றுக்கொண்டானே, அதுவே அவன் பெருமை.

நாட்டின் சட்டமும் மெல்ல மெல்ல இவ்வழியில் வந்துள்ளது. நமக்கும் பொருந்தும் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணமாக இடம்பெற்றிருந்தது. 2019ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. 'வெண்குட்டம்' என்ற சொல்லை விலக்கி 'வெண்புள்ளி' என்று வழங்குமாறு தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஆணையிட்டது. சட்டம் சொல்லை மாற்றலாம். பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டியவர் நாமே.

தோல்நோயுற்றோர் தக்க மருத்துவரை நாடுவதோடு, உள்ளம் சோர்ந்திருப்பின் அதனையும் அவரிடம் கூச்சமின்றிக் கூறுதல் வேண்டும். தியானம் மருந்துக்குத் துணையாகலாம், மருந்துக்கு மாற்றாகாது. அவரைச் சூழ்ந்திருப்போருக்குரிய கடமை இன்னும் எளியது. அடுத்து உறையும் ஆன்மாவை நோக்கப் பழகியவர்க்கு மேலே போர்த்த தோல் ஒரு தடையாகாது. நம் இல்லத்து விழாவிலும் ஆலயத்துப் பந்தியிலும் அவரருகே சென்று அமர்வோம். நாம் அளிக்கத்தக்க அபயதானங்களுள் அதுவும் ஒன்று.