எண்ணும் உயிரும்

ஆயுளையும் ஆபத்தையும் அளவிடும் காப்புறுதிக் கணிப்பாளராக விழையும் வலப்பனை மாணவர்முன் இரு நெறிகள் உள. கணிதத்தையும் புள்ளிவிபரவியலையும் மட்டுமே கற்றுத் தொழிற்பரீட்சைகளை விரைந்து நாடுவது ஒன்று. பொருளியலையும் உடன்கற்று நிதானித்துச் செல்வது மற்றொன்று.

எட்மண்ட் ஹலி 1693இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணை, பிரெஸ்லாவ் நகரத்தவரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளிலிருந்தே உருவானது. அதன் எண்களுக்குப் பின்னே மனித உயிர்கள் இருந்தன. 2007 ஜனவரியில் வலப்பனையில் நேர்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைப் பலிகொண்டன. அத்தகைய ஆபத்தின் அளவைக் கணிதம் கூறும். சரிவிலே வாழ்பவருக்கு வேறிடம் வாய்க்காதது ஏன் எனப் பொருளியல் வினவும்.

எனவே பின்னைய நெறியே நிறைவானது. வறுமை முன்னையதை வேண்டுமாயின் அது குற்றமன்று. எண்ணைப் போற்றி மாந்தரை மறத்தலே குற்றம்.