பூச்சியம்

பிழைக்கு எண்ணால் விலை குறிக்கும் ஆவணம் ஒன்று ஒன்ராறியோவில் இருக்கிறது. காப்புறுதிச் சட்டத்தின் கீழ் வரும் 668ஆம் ஒழுங்குவிதி. 1990ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. அதன் 16ஆம் பிரிவு கார்த் தரிப்பிடங்களுக்கென்றே எழுதப்பட்டது. தரிப்பிடத்துக்குள் வரவும் ஊடே செல்லவும் வெளியேறவும் உள்ளது பிரதான பாதை. மற்றவை கிளைகள். கிளையிலிருந்து வருபவர் பிரதான பாதையில் போகிறவருக்கு வழிவிட வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து காரை எடுப்பவரோ இரண்டு பாதைகளில் போகிறவர்களுக்கும் வழிவிட வேண்டும். விடாமல் மோதினால் அவருக்கு 100 வீதம் பிழை, மற்றவருக்குப் பூச்சியம்.

இருவரும் ஒரே வேளையில் பின்னுக்கு எடுத்து முட்டிக்கொண்டால்? பின்னுக்கு எடுப்பவருக்கு 100 என்கிறது 19ஆம் பிரிவு. அப்படிப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தால் 100, மறுபக்கத்தால் பூச்சியம். இத்தகைய வேளையில் 50 என்று கொள்ளும்படி 4ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. இதில் தத்துவம் ஏதுமில்லை, கூட்டி இரண்டால் பிரித்திருக்கிறார்கள். ஆட்கள் அதிகம் சண்டை பிடிப்பது இந்த 50க்காகத்தான்.

என்னை யோசிக்க வைத்தது 3ஆம் பிரிவு. பிழையின் அளவை நிர்ணயிக்கும்போது சம்பவம் நடந்த சூழ்நிலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது அது. வானிலை, பாதையின் நிலை, கண்ணுக்குத் தெரிந்த தூரம், நடந்து போனவர்களின் செயல் - எதையும். காரின் எந்தப் பாகத்தில் அடி விழுந்தது என்பதைக்கூட. ஜனவரி மாலை, கொட்டும் பனி, பக்கத்தில் பார்வையை மறைத்து நின்ற வான், சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்த கிழவி - இவை ஒன்றுமே நடக்கவில்லை. 'ஏ' என்றொரு கார், 'பி' என்றொரு கார், அவ்வளவுதான்.

மனிதாபிமானிகள் இதைக் கண்டு பதறக்கூடும். எனக்குப் பதற்றமில்லை. சூழ்நிலையை உள்ளே விட்டால் வாயுள்ளவன் வெல்வான். இரவு வேலை முடிந்து வந்து, தடுமாறும் ஆங்கிலத்தில் தொலைபேசியில் விவரம் சொல்பவர் தோற்பார். விதியின் குருட்டுத்தனத்தில் ஒருவகைச் சமத்துவம் இருக்கவே செய்கிறது. நசுங்கிய தகரத்தின் செலவில் அவரவர் கம்பனி எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பதற்கு அது போதும்.

சிக்கல், அந்த எண் கடிதமாக வீட்டுக்கு வந்த பிறகு. எனக்குத் தெரிந்த ஒருவர் பிரதான பாதையில் வந்துகொண்டிருந்தார். ஒரு பெண் காரைப் பின்னுக்கு எடுப்பதைக் கண்டார். அவள் தன்னைக் காணவில்லை என்பதையும் கண்டார். ஹோர்ண் அடித்தார்; பிரேக்கை மிதிக்கவில்லை. வழி அவருடையது. பூச்சியம் வந்தது. "நான் பிழையில்லை எண்டு எழுத்திலயே தந்திட்டாங்கள்" என்று கடிதத்தைக் காட்டினார். கண்டாயா என்று விதி கேட்கவில்லை. ஆகவே அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. காப்புறுதிக் கம்பனியின் கணக்கு ஒன்று அவரிடத்தில் மனச்சாட்சியின் வேலையைப் பொறுப்பேற்றுவிட்டது.

பேர்னாட் வில்லியம்ஸ் ஒழுக்கத்தில் தற்செயலின் பங்கைப் பற்றி எழுதிய கட்டுரை 1981இல் நூலில் வந்தது. அதில் ஒரு லொறிச் சாரதி வருகிறார். தன் பிழை ஏதுமின்றி ஒரு குழந்தையை மோதிவிடுகிறார். உன்னில் குற்றமில்லை என்று மற்றவர்கள் அவரைத் தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் மிகச் சுலபமாகத் தேறிவிட்டால் அவரைப் பற்றி நமக்கு ஐயம் எழும் என்கிறார் வில்லியம்ஸ். பூச்சியத்துக்கும் ஒரு மிச்சம் உண்டு என்று நான் இதை வாசிக்கிறேன். தகரம் நசுங்கியதற்கு இத்தனை பெரிய உதாரணமா எனலாம். அந்தச் சாரதியால் தவிர்த்திருக்க முடியாது. இவரால் முடிந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் கட்டணம் ஏறியிருக்கும். இவருடையது ஏறவில்லை. சனிக்கிழமைகளில் அதே தரிப்பிடத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போகிறார். யாராவது பின்னுக்கு எடுத்தால் ஹோர்ண் அடிக்கிறார். வேகம் குறைவதில்லை.