விற்றவன் பொறுப்பு

வியாபாரச் சகோதரர்களே! காசை வாங்கிச் சரக்கைக் கொடுத்ததும் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா? கம்போங் ராஜாவில் கடை வைத்திருக்கும் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பாராகுவாட் களைக்கொல்லி கேட்டவருக்குக் கொடுத்தோம். ஒரு மிடறு உள்ளே போனால் மாற்று மருந்தில்லாத விஷம் அது. முதுகில் சுமந்து தெளிப்பவரை நினைத்தோமில்லை.

நினைத்தவர்கள் இருந்தார்கள். பூச்சிக்கொல்லிகளின் கேட்டை எடுத்துரைக்க, 1982-ல் பல நாட்டவர் பினாங்கில் கூடிக் கூட்டமைப்புக் கண்டனர். தெனாகனித்தாவின் ஐரீன் பெர்னாண்டஸ் தோட்டப் பெண்களுக்காகக் குரல் கொடுத்தார். 2002-ல் அரசு தடையை அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது. அவர்கள் சோரவில்லை. 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை வந்தது.

தடைக்கு முன் விற்றது குற்றமில்லை என்று சட்டம் சொல்லலாம், மனச்சாட்சி சொல்லாது. சரக்கின் தீமையை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்வதும் அமானிதமே. இனியேனும் சட்டத்துக்குக் காத்திராமல், நம் கடைதோறும் அதைச் சொல்வோமாக!